வறண்ட நிலத்தில் நீர்வழிச் சூழல் வலை: குளங்களையும் ஓடைகளையும் இணைத்துவிட்டால் போதாதா?

கேள்வி, பிப்ரவரி 9

வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றுக்குச் சூழல் வலையமைப்புத் திட்டம், அதாவது உயிர்கள் வாழும் இடங்களையும் அவை போய்வரும் வழிகளையும் இணைக்கும் திட்டம், தயாரித்துக்கொண்டிருக்கிறேன். என் கணக்கு எளிது. இருக்கிற நீர்நிலைகள் எல்லாம் கணுக்கள். ஆறும் ஓடைகளும் அவற்றைச் சேர்க்கும் வழிகள். வழி இல்லாத இடத்தில் வாய்க்கால் வெட்டி இரண்டு கரையிலும் மரம் நட வேண்டியதுதான். எவ்வளவு இணைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறேன். இதில் பிழை இருக்கிறதா?

பிப்ரவரி 9, இரவு

இருக்கிறது. இதே படத்தை நானும் ஒரு காலத்தில் போட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்போது செயற்கைக்கோள் படத்திலிருந்து 43 நீர்நிலைகளைப் பிரித்தெடுத்தேன். கணினித் திரையில் அழகான வலை. ஆறு மாதம் கழித்து, கோடையில், ஜிபிஎஸ் கருவியோடு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஏழில்தான் தண்ணீர் இருந்தது. மற்றதெல்லாம் வெடித்த சேறு. ஒரு குட்டையின் நடுவில் காலடி அகலத்துக்கு விரிசல், கைவிட்டால் முழங்கை வரை உள்ளே போனது, அடியில்கூட ஈரம் இல்லை. நான் எடுத்த படம் பெருமழைக்கு அடுத்த வாரத்துப் படம். அந்த ஒரே வாரத்தை வைத்து ஒரு படுகைக்கே இருபது வருடத் திட்டம் எழுதியிருந்தேன்.

எனவே கணு என்று ஒன்றைக் குறிக்கும் முன் மூன்று கேள்விகள். வருடத்தில் எத்தனை நாள் அங்கே தண்ணீர் நிற்கிறது? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை ஓட்டத்திலிருந்தா, ஊற்றிலிருந்தா, ஆற்று மணலுக்கு அடியிலிருந்தா? வற்றும் மாதத்தில் அதை வேறு யார் எடுத்துக்கொள்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத நீர்நிலையைப் படத்தில் பென்சிலால் மட்டும் குறியுங்கள்.

ஆறுகளுக்கும் இதுதான். உலகத்து ஆறுகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை வருடத்தில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகிறது என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அது மழை மிகுந்த நாடுகளையும் சேர்த்த கணக்கு. உங்கள் படுகையில் நின்றுபோவதுதான் வழக்கம், ஓடுவது விருந்தாளி மாதிரி.

பிப்ரவரி 10

ஒன்று விட்டுப்போயிற்று. எதிர்ப்பு மதிப்புகள், அதாவது ஒரு நிலத்தைக் கடப்பது ஓர் உயிருக்கு எவ்வளவு கடினம் என்று கொடுக்கும் எண்கள்.

நீருக்கு 1, புல்வெளிக்கு 30, வெறும் மணலுக்கு 100 என்று ஒரு பட்டியலை எல்லாரும் எடுத்து ஒட்டுகிறார்கள். ஈரமான நாடுகளில் அடர்காட்டில் வாழும் விலங்குகளுக்காகச் செய்த பட்டியலின் வாடை அதில் அடிக்கிறது. பாலை விலங்குக்கு மணல் எதிர்ப்பே இல்லை. கல்கௌதாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நமீபியாவில் இவற்றை 1960களில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆண் பறவை காலையில் நீர்நிலைக்குப் பறந்து போய் வயிற்றை நீரில் அமிழ்த்தி ஆட்டும். அங்குள்ள இறகுகள் பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரத்தோடு பல கிலோமீட்டர் பறந்து திரும்பும், குஞ்சுகள் இறகை வாயால் உருவிக் குடிக்கும். அதற்கு உங்கள் மரவரிசை தேவையில்லை. கூடு இருக்கிற தொலைவுக்குள் வெட்டவெளியான கரையோடு ஒரு நீர்நிலை இருந்தால் போதும். கரையெல்லாம் அடர்ந்த புதர் வைத்தால் வேட்டை மிருகம் ஒளிந்திருக்குமோ என்று இறங்கவே தயங்கும்.

மீனுக்கோ இரண்டு மீட்டர் காய்ந்த மணல்கூட மதில். ஒரே நிலம், இரண்டு வலை. எந்த உயிருக்கான வலை என்று சொல்லாமல் எதிர்ப்பு மதிப்பு கொடுக்க முடியாது.

பிப்ரவரி 12

எந்த மென்பொருளால் வழிகளைக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு: மொத்த எதிர்ப்பு மிகக் குறைவான பாதையைத் தேடும் குறைந்த தடை வழி முறை இரண்டு கணுக்களுக்கு இடையே ஒரே கோட்டைத் தரும். சூழலியலாளர் பிராட் மக்ரே 2000களில் கொண்டுவந்த, நிலத்தையே மின்சுற்று மாதிரி பார்க்கும் மின்சுற்றுக் கோட்பாட்டு முறை பல வழிகளில் பரவும் ஓட்டத்தைக் காட்டும், எந்த இடத்தில் வழி குறுகி நெரிகிறது என்பதும் தெரியும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் பெருமழை வாரத்துப் படத்தை உள்ளே போட்டால் எந்த முறையும் காப்பாற்றாது. மழைக்குப் பின் ஒன்று, நடுக்காலத்தில் ஒன்று, கடும் கோடையில் ஒன்று என்று குறைந்தது மூன்று படம், அதுவும் பல வருடங்களுக்கு. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1980களிலிருந்து எடுத்த படங்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன.

பிப்ரவரி 15

இப்போது அடியில் இருக்கிற தண்ணீர். வறண்ட நிலத்தின் பசுமை பெரும்பாலும் இதைக் குடித்துத்தான் நிற்கிறது, படத்தில் தெரிகிற நீலத்தை அல்ல.

சீனாவின் தாரிம் ஆற்றைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர்த்தேக்கம் கட்டினார்கள், மேலே பாசனமும் பெருகியது. அதற்குக் கீழே ஏறக்குறைய 320 கிலோமீட்டர் ஆறு வறண்டது. கடைசியில் இருந்த தைதெமா ஏரியும் காய்ந்துபோனது. இரண்டு பாலைவனங்களுக்கு நடுவே பச்சைக் கயிறு மாதிரி கிடந்த யூப்ரடீஸ் பாப்லர் காடு தலையிலிருந்து பட ஆரம்பித்தது. ஆற்றில் நீர் நின்றபின் நிலத்தடி மட்டம் வருடத்துக்கு வருடம் இறங்கியது, வேர்கள் பின்னால் ஓடிப் பார்த்துத் தோற்றன.

2000ஆம் ஆண்டிலிருந்து கீழ்ப்பகுதிக்கு வேண்டுமென்றே தண்ணீர் விடுகிறார்கள். 2001 இறுதியில் தைதெமா ஏரி வரை நீர் போய்ச் சேர்ந்தது. ஆற்றோரக் கிணறுகளில் மட்டம் ஏறியது, பழைய மரங்கள் துளிர்த்தன. ஆகவே நிலத்தடி நீரை ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் வைத்துக்கொண்டால் கரைக்காடு பிழைத்துக்கொள்ளும், வலையின் முதுகெலும்பு நிமிர்ந்து நிற்கும். உங்கள் திட்டத்தில் அதையே முதல் இலக்காக எழுதலாம்.

பிப்ரவரி 19

மேலே எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களைத் திருத்துகிறேன். நான்கு நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐந்து மீட்டர் என்பது வளர்ந்த மரத்துக்கு. இனத்துக்கு இனம் இதுவும் மாறும். அமெரிக்காவின் வறண்ட ஆறுகளில் காட்டன்வுட் மரங்கள் (அவையும் பாப்லர் வகைதான்) மூன்று மீட்டருக்குள் நீர் இருந்தால்தான் அடர்த்தியாக நிற்கின்றன, யூப்ரடீஸ் பாப்லர் அதைவிட ஆழம் தாங்கும். ஆனால் விதைக்கு இந்தக் கணக்கே செல்லாது. தாரிமில் தெரிந்ததும் அதுதான். கரை தாண்டாமல் ஆற்றுத் தடத்துக்குள்ளேயே நீரை ஓட்டியபோது மட்டம் ஏறியது, அதுவும் ஆற்றிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள். கிழ மரங்கள் தெளிந்தன. இளங்கன்று வரவில்லை, நீர் கரை தாண்டிப் பரவிய இடங்களைத் தவிர.

காரணத்தை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தேன். வெள்ளம் வடிந்த மணல்திட்டு. ஈரவண்டல் மேல் பஞ்சு விதை விழுந்து முளைத்த கன்றுகள், இரண்டே இலை, சட்டைப் பொத்தான் அளவு. ஒன்றைப் பேனாக்கத்தியால் சுற்றித் தோண்டி எடுத்தேன். மேலே ஒரு சென்டிமீட்டர், கீழே வேர் என் நடுவிரலைவிட நீளம். நுனியில் மட்டும் ஈரமணல் ஒட்டியிருந்தது. தண்ணீர் கீழே இறங்க இறங்க அதைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது. அதே திட்டின் மேட்டுப்பக்கத்தில் இதே வயதுக் கன்றுகள் கருகிக் கிடந்தன. அங்கே நீர் வேரைவிட வேகமாக இறங்கிவிட்டது.

இதற்கு ஒரு அளவே இருக்கிறது. மஹோனி, ரூட் என்ற இருவர் 1998இல் எழுதியது: நதி மட்டம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, இறங்கினால் காட்டன்வுட் கன்றின் வேர் தோற்றுவிடும். விதைக்கு உயிர் இருப்பதும் சில வாரங்கள்தான். ஆக வெள்ளம் விதை பறக்கும் காலத்தில் வர வேண்டும், வெற்று ஈரமண்ணைத் தயார் செய்ய வேண்டும், பிறகு மெதுவாக வடிய வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வருடம் காட்டில் குழந்தை இல்லை.

இதை எந்த வலைப்படம் காட்டும்? கோடு போடுவதில் தெரியாது. நாள்காட்டி வேண்டும்.

பிப்ரவரி 27

நாள்காட்டியை வைத்துச் செய்த ஒரு பெரிய முயற்சி இருக்கிறது, அதைப் படிக்காமல் யாரும் இந்தத் துறையில் திட்டம் எழுத வேண்டாம் என்று சொல்வேன்.

கொலராடோ ஆறு 1960களுக்குப் பிறகு பெரும்பாலும் கடலைத் தொடுவதில்லை. அமெரிக்காவும் மெக்சிகோவும் 2012இல் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, 2014 மார்ச் 23 முதல் மே 18 வரை எல்லையில் உள்ள மொரெலோஸ் அணையிலிருந்து கழிமுகத்துக்கு நீர் விட்டன. ஏறக்குறைய 13 கோடி கன மீட்டர். காட்டன்வுட்டும் வில்லோவும் விதை விடும் காலம் பார்த்துத்தான் திறந்தார்கள். சான் லூயிஸ் ரியோ கொலராடோ ஊரில் ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகள் இறங்கி விளையாடினார்கள். மே மாதம் நடுவில் நீர் கடலின் ஓதத்தைத் தொட்டது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பின்னால் வந்த அளவீடுகளைப் படித்தபோது என் பழைய திட்டங்களில் பாதியை மூடி வைத்தேன். விட்ட நீரில் பெரும்பகுதி அணைக்குக் கீழே உள்ள வறண்ட மணல் பகுதியிலேயே உள்ளே போய்விட்டது. அங்கே நிலத்தடி மட்டம் ஏற்கெனவே ஆழத்தில் கிடந்தது. நீர் பட்ட இடமெல்லாம் கன்று முளைத்தது, ஆனால் பல இடங்களில் அயல் டாமரிஸ்க் புதர்தான் முந்திக்கொண்டது. முன்கூட்டியே புதரை அகற்றி நிலத்தைத் தயார் செய்திருந்த இடங்களில்தான் நாட்டு மரங்கள் நல்லபடி பிடித்தன.

பாடத்தை அவர்கள் எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. 2017இல் அடுத்த உடன்பாடு. அதன்படி 2021இல் தண்ணீர் விட்டபோது, உறிஞ்சிக் குடிக்கும் அந்த வறண்ட நீளத்தைச் சுற்றிக்கொண்டு, பாசனக் கால்வாய்கள் வழியாக மீட்பு நடக்கும் இடங்களுக்குப் பக்கத்திலேயே நீரை ஆற்றுக்குள் சேர்த்தார்கள். வரைபடத்தில் ஆறுதான் நேர் வழி. தண்ணீருக்கு வயல் வாய்க்கால் குறுக்கு வழியாகிவிட்டது. 

மார்ச் 6

"நீர்ப்பரப்பை அதிகமாக்கினால் ஆவியாகிவிடுமே" என்று ஒருவர். ஆமாம். கணக்கைப் போட்டுவிடுவோம்.

கடும் வறட்சி நிலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருடத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நீர் ஆவியாவது சாதாரணம். ஒரு ஹெக்டேர் குளம் என்றால் இரண்டு மீட்டருக்கு 20,000 கன மீட்டர். பத்துக் கணுக்கள் புதிதாக வெட்டி எப்போதும் நீர் நிறுத்துவேன் என்றால் இரண்டு லட்சம் கன மீட்டரை வெயிலுக்குக் கொடுக்கிறீர்கள். அந்த நீரை எந்த ஓடையிலிருந்து எடுத்தீர்களோ அதன் கீழ்ப்பகுதிக் கரைக்காடு அவ்வளவு நீரை இழக்கிறது. புதுக் கணுவின் விலை பழைய கணுவிலிருந்து போகிறது.

இப்போது மரத்துக்கு வாருங்கள். வாய்க்காலின் இரு கரையிலும் நடச் சொன்னீர்கள். மரம் குடிக்கும். அடர்ந்த கரைக்காடு ஒன்று வருடத்தில் ஒரு மீட்டர் நீரை எளிதாக வெளியேற்றும். இயற்கையில் மரம் இல்லாத ஓடைக்கரையில் நாம் வரிசையாக வைத்தால், வளர்ந்து வரும் வரை லாரித் தண்ணீர், வளர்ந்தபின் நிலத்தடி நீர். முதல் ஐந்து வருடம் படத்தில் பச்சை தெரியும், அறிக்கை அருமையாக இருக்கும். அதற்குப் பின் பக்கத்து ஊற்று வற்றும். நானே ஓரிடத்தில் நடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றாவது கோடையில் அங்கே இருந்த சுனையில் தவளைச் சத்தம் நின்றுபோனது. மரம்தான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் அளவீடு இல்லை, நடுவதற்கு முன் சுனையை அளக்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மார்ச் 7

மணலை மறந்துவிட்டேன். ஆற்று மணலுக்குள் இருக்கும் நீரை, மேலே ஓரிரண்டு அடியைத் தாண்டிவிட்டால், வெயில் எளிதில் எடுப்பதில்லை. கென்யாவின் வறண்ட பகுதிகளில் ஓடைக்குக் குறுக்கே சிறு சுவர் கட்டி அதன் பின்னால் மணலைச் சேரவிடுகிறார்கள். குளம் மாதிரி நீர் தெரியாது, மணலுக்குள் நிற்கும். யானை காலால் தோண்டிக் குடிக்கும், அந்தப் பள்ளத்தில் மற்ற விலங்குகளும் குடிக்கும். ஆவியாதல் கணக்கைப் பார்த்தால் வறண்ட நிலத்துக்கு ஏற்ற கணு இதுதான் என்று தோன்றுகிறது. கீழே இருப்பவர்களின் பங்கைப் பார்த்துக் கட்ட வேண்டும், அது எப்போதும் உண்டு.

மார்ச் 20

ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். இந்தப் பக்கத்தில் அல்ல, போன வருடம் வேறொரு பேச்சில் சொன்னேன்: வழிகள் நீளமாக இருந்தால் நடுவில் போர்வெல் போட்டு விலங்குகளுக்குத் தொட்டி வையுங்கள், ஓடையைத் தாண்ட நடுவில் போடும் கற்கள் மாதிரி உதவும் என்று. அதைப் படித்துவிட்டு ஒருவர் பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்று என்று திட்டத்தில் சேர்த்திருக்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள்.

தென் ஆப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் நடந்தது இது. வறண்ட வடபகுதியில் ஏராளமான ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். நீர் வந்ததும் வரிக்குதிரையும் காட்டுமாடும் அங்கே வந்து தங்கின, புல்லைக் கட்டையாக மேய்ந்தன. பின்னாலேயே சிங்கம் வந்தது. உயரமான புல்லை நம்பி, தள்ளி வாழ்ந்துகொண்டிருந்த ரோன் மான் இனத்தின் எண்ணிக்கை 1986இல் ஏறக்குறைய 450 இருந்தது, 1993இல் 45 ஆகிவிட்டது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. பிறகு பல கிணறுகளை மூடினார்கள். மூடியபின்னும் அந்த மான்கள் பழைய எண்ணிக்கைக்கு வரவில்லை.

நீர் இல்லாத இடமும் சில உயிருக்கு வாழிடம். ஒவ்வொரு நீர்த்தொட்டியைச் சுற்றியும் மேய்ச்சலால் தேய்ந்த வட்டம் உண்டாகும், ஆஸ்திரேலியாவில் லாங்கே என்ற ஆய்வாளர் 1969இலேயே அதற்குப் பெயர் வைத்துப் பாடமாக்கினார். வட்டங்கள் ஒன்றையொன்று தொடும்படி தொட்டி வைத்தால் தேயாத நிலம் மிச்சம் இருக்காது. உங்கள் படத்தில் நீர்நிலைகளை மட்டும் வரையாதீர்கள். நீரிலிருந்து தூரமாக இருக்கும் நிலத்தையும் ஒரு நிறத்தில் வரைந்து, அதைக் காப்பது என்றும் ஓர் இலக்கு எழுதுங்கள்.

ஏப்ரல் 2

"எவ்வளவு இணைக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்ற முதல் கேள்வியின் வாக்கியத்துக்கு இன்றுதான் வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எட்ஜ்பாஸ்டன் என்ற இடத்தில் சிறு ஊற்றுகள் கூட்டமாக இருக்கின்றன. அங்கே மட்டுமே வாழும் செந்துடுப்பு நீலக்கண் மீன் ஒன்று 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. விரல் நீளம்கூட இல்லை. கொசுவை ஒழிக்க என்று உலகமெல்லாம் கொண்டுபோன கம்பூசியா மீன் அங்கேயும் வந்தது. வெள்ளத்தில் ஊற்றுக்கும் ஊற்றுக்கும் நடுவே கணுக்கால் அளவு நீர் பரவும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீந்திப் போகும். கம்பூசியா புகுந்த ஊற்றில் நீலக்கண் அழியும். இப்போது அங்கே வேலை செய்பவர்கள் ஊற்றைச் சுற்றித் தடுப்பு கட்டுகிறார்கள், இணைப்பைத் துண்டிக்கிறார்கள்.

அந்த நாட்டிலேயே கரும்புத் தேரை. வறண்ட பகுதிக்குள் அது மேலும் மேலும் போவதற்குக் கால்நடைக்காக வெட்டிய குட்டைகள்தான் படிக்கட்டு. கோடையில் ஈரம் கிடைக்காவிட்டால் தேரை சில நாளில் செத்துவிடும். குட்டையைச் சுற்றி வேலி போட்டுத் தேரையை நீரிடம் நெருங்கவிடாமல் செய்தபோது அங்கே அதன் எண்ணிக்கை விழுந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம், அமெரிக்கப் பாலையின் மண்வெட்டிக்கால் தேரை. மழைக்குட்டையில் முட்டையிட்டு, எட்டு ஒன்பது நாளிலேயே தலைப்பிரட்டை குட்டித் தேரையாகிவிடும். குட்டை வற்றுவதுதான் அதற்குப் பாதுகாப்பு, வற்றாத நீரில் அதைத் தின்னும் மீனும் பெருந்தவளையும் வந்துவிடும். நாம் போய் அந்தக் குட்டையை ஆழப்படுத்தி வாய்க்காலோடு இணைத்து "மேம்படுத்தினோம்" என்று எழுதினால், குட்டை இருக்கும், தேரை இருக்காது.

எனவே ஒவ்வொரு கணுவுக்கும் இன்னொரு கட்டம்: சேர்க்கலாம், சேர்க்கக் கூடாது, பார்த்துச் சொல்கிறேன். ஊற்று என்றால், மீனும் நத்தையும் தெரிந்த ஒருவர் பார்க்கும் வரை "சேர்க்கக் கூடாது" என்றே வைத்திருங்கள்.

ஏப்ரல் 18

"அப்படியானால் இணைப்பே வேண்டாம் என்கிறீர்களா" என்று கொஞ்சம் கோபமாகவே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இணைப்பு என்றதும் ஆறு ஓடும் திசையில் நீளவாக்கில் ஒரு கோடு என்று மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். ஆற்றிலிருந்து பக்கவாட்டில் வெள்ளச் சமவெளிக்குப் போவதும் இணைப்பு. மேலே ஓடும் நீர் கீழே மணலுக்குள் இறங்குவதும் இணைப்பு. இந்த வருட மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே உயிரைக் கடத்துவதும் இணைப்பு. வறண்ட நிலத்தில் கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது.

மடுவை நினைத்துப் பாருங்கள். ஆறு முழுக்கக் காய்ந்துவிட்டது, வளைவில் பாறையை ஒட்டி ஒரு மடு மட்டும் நிற்கிறது. படுகையின் மொத்த மீனும் அதற்குள். மத்திய ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடை அப்படித்தான், மடுக்களாகச் சுருங்கிக் காத்துக்கொண்டிருக்கும், பிறகு வெள்ளத்தில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும். வருடத்துக்கு இரண்டு மீட்டர் ஆவியாகிறது என்றால், இரண்டு வருடம் ஓட்டமே வராவிட்டாலும் தாங்க ஒரு மடுவுக்கு நான்கு மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். மூன்று மீட்டர் மடு சாதாரண வருடத்தில் நல்ல கணு, பெரும் வறட்சியில் கல்லறை.

உங்கள் படுகையில் நான்கு மீட்டர் தாண்டிய மடு எத்தனை? எனக்குத் தெரிந்த ஒரு படுகையில் ஐந்து. பணம் கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் புது வாய்க்கால் எதுவும் வேண்டாம், அந்த ஐந்தில் மண் சேராமலும் மோட்டார் வைத்து நீர் இறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை வெள்ளம் இணைத்துக்கொள்ளும், அதன் வேலை அது.

பக்கவாட்டு இணைப்பில் எனக்குப் பிடித்த ஓர் ஆறு நமீபியாவின் குயிசெப். வருடத்தில் சில நாள்தான் ஓடும். அந்தச் சில நாள் வெள்ளம்தான் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணற்குன்றுகளை அரித்துத் தள்ளி, வடக்கே இருக்கும் கல்வெளிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஆண்டில் சில நாள் ஓடும் ஆறு இரண்டு நிலங்களுக்கு எல்லை காக்கிறது. பேச்சு எங்கோ போய்விட்டது, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மே 11

மனிதர்களைப் பற்றி இதுவரை ஒரு வரியும் எழுதவில்லை.

ஜோர்தானின் அஸ்ராக் பாலைச்சோலை 1977லேயே உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. படத்தில் மிகப் பெரிய கணு. நகரத்துக்கும் வயலுக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்ததில் 1990களின் தொடக்கத்தில் ஊற்றுகள் நின்றே போயின. இப்போது குழாய் வழியாக நீர் கொடுத்து முன்பிருந்ததில் ஒரு சிறு பங்கை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். கணுவைச் சுற்றி வேலி இருந்தது. கணுவின் நீர் வேலிக்கு வெளியிலிருந்து வந்தது.

சீனாவின் ஹெய்ஹே ஆற்றில் வேறு மாதிரி. கடைமடையில் இருந்த கிழக்கு ஜுயான் ஏரி 1992இல் வற்றியது. 2000க்குப் பின் நடுப்பகுதி விவசாயிகளின் ஆற்று நீரைக் குறைத்துக் கீழே விட்டார்கள், 2002இல் ஏரிக்கு நீர் திரும்பியது. நடுப்பகுதிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பயிரை விடவில்லை, நிலத்தடி நீரை இன்னும் இறைத்தார்கள். ஓரிடத்தில் வலை தைத்தால் இன்னோர் இடத்தில் கிழிகிறது. ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதாத திட்டம் எதுவும் நிற்காது.

என் அனுபவத்தில் ஒன்று. விதை பறக்கும் மூன்று வாரத்தில் அணையைத் திறக்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்தோடு எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தோம். திறந்தது ஏழு வாரம் கழித்து. அளவு ஒரு சொட்டும் குறையவில்லை, ஒப்புக்கொண்டதைவிடக் கொஞ்சம் அதிகம்கூட. அறிக்கையில் "இலக்கு நிறைவேறியது" என்று வந்தது. கரையில் நடந்து பார்த்தேன், ஈரவண்டல் அருமையாக இருந்தது, ஒரு கன்று இல்லை. அதிலிருந்து ஒப்பந்தத்தில் கன மீட்டரோடு தேதியையும், ஒரு நாளில் எவ்வளவு மட்டம் இறங்கலாம் என்பதையும் எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இன்னொன்று. எந்த மடு எத்தனை வருடம் தாங்கும் என்பதை எனக்குச் சொன்னது கணினி இல்லை, ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். மடுவை ஒட்டிய பாறையில் அவர் அப்பா காலத்திலிருந்து கல்லால் கீறி வைத்த கோடுகள். ஒவ்வொரு கெட்ட வருடத்துக்கும் ஒரு கோடு, நீர் கடைசியாக இறங்கி நின்ற இடத்தில். எண்ணினேன், பதினொன்று. மிகக் கீழே இருந்த கோட்டைத் தொட நான் முட்டி போட்டுக் குனிய வேண்டியிருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழேயும் ஓர் ஆள் ஆழம் நீர் இருக்கும் என்றார். கயிறு விட்டு அளந்தேன், சரியாக இருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் முதல் வாரத்திலேயே போய் உட்காருங்கள், படம் வரைந்தபின் "கருத்துக் கேட்பு" என்று போகாதீர்கள்.

ஜூன் 3

முதல் கேள்வி கேட்டவர் புதுப் படம் அனுப்பியிருக்கிறார். பார்த்தேன், மனசு நிறைந்தது. வாய்க்கால்களில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார். கணுக்களை "எப்போதும்", "மழைக்குப் பின் சில மாதம்", "சில நாள்" என்று மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார். ஊற்றுகள் தனியாக, கோடு எதுவும் தொடாமல் நிற்கின்றன.

இரண்டு குறை மட்டும். வடக்குப் பக்க ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் இருக்கிறது, குழாயின் வாய் ஓடைத் தரையைவிட உயரத்தில் தொங்குகிறது. வெள்ளத்தில்கூட மீன் அதில் ஏறாது. வாய்க்கால் வெட்டும் பணத்தில் அந்த ஒரு பாலத்தை மாற்றினால் மேலே இருக்கும் மொத்த ஓடையும் திறக்கும். அடுத்து, ஆற்றின் அகலத்தை எங்கும் ஒரே ஐம்பது மீட்டராகப் போட்டிருக்கிறீர்கள். பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்பதை வண்டலைப் பார்த்துக் குறியுங்கள், சில இடத்தில் ஐம்பது மீட்டர் அதிகம், சில இடத்தில் அரைக் கிலோமீட்டரும் பத்தாது.

செப்டம்பர் 14

மூன்று மாதம் எழுத முடியவில்லை. நேற்று முன்தினம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஓடையில் வெள்ளம் வந்தது. இரவில் முதலில் சத்தம்தான், சருகை யாரோ இழுத்துக்கொண்டு வருவது மாதிரி. டார்ச் அடித்தால் நுரையும் குச்சியுமாக ஒரு விளிம்பு, நடக்கிற வேகத்தில் வந்தது, ஒவ்வொரு குழியிலும் நின்று நிரம்பிப் பிறகு நகர்ந்தது. மடுவைத் தொட்டபோது ஒரு நிமிடம் கலங்கியது. அப்புறம் உள்ளே அடைபட்டிருந்த மீன்கள் நீரோட்டத்துக்கு எதிராக மேலே ஏற ஆரம்பித்தன, முழங்கால் ஆழ நீரில் முதுகு தெரியத் தெரிய.

இன்று காலை மட்டம் நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. கன்றின் வேர் தாங்கும் 2.5க்கு மேல். அளவுகோலை மேட்டுத் திட்டிலும் பள்ளத் திட்டிலும் தனித்தனியாக நட்டிருக்கிறோம், பள்ளத்தில் வேகம் குறைவாக இருக்கலாம் என்று நம்பிக்கை. விதை இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, சட்டையெல்லாம் பஞ்சு.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பக்கமும் வெள்ளம் வந்திருந்தால், இன்றே போய் மூன்று மடுக்களில் அளவுகோல் நட்டுவிடுங்கள். இருபது நாள், தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். எண்களை இங்கே போடுங்கள், என்னுடையதையும் போடுகிறேன்.